இரும்புப் பாட்டும் பயர் ஆபீசும்

(எழுதியவர்: பழைய மாணவர், வேதியியல் பிரிவு, 1984–87)

மலர்க் குழுவினர் இந்த முறையும் என்னிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். போன மலரில் விருதுநகர்ப் பேட்டையில் வத்தல் வியாபாரம் வளர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதை என் வயதுக்காரர்கள் படித்தார்கள். பசங்க படிக்கவில்லை. "அண்ணாச்சி, இந்தத் தடவை பசங்களும் படிக்கிற மாதிரி ஏதாச்சும் எழுதுங்க" என்று குழுவில் ஒருவர் நாசூக்காகச் சொன்னார். அதனால் வத்தலை விட்டுவிட்டுப் பாட்டுக்கு வந்திருக்கிறேன். அதுவும் ஹெவி மெட்டல் பாட்டு! பழைய நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கட்டுரை நம் ஊருக்குத்தான் வந்து சேரும்.

2025-ல் நாம் கூடியபோது, பந்தியில் எனக்குப் பக்கத்தில் ஒரு மூன்றாமாண்டு மாணவத் தம்பி உட்கார்ந்திருந்தார். கறுப்புச் சட்டை, காதில் வயர். "என்ன தம்பி கேக்குறீங்க?" என்றேன். "பிளட்டிவுட்ணே. டெல்லி பேண்டு. மெட்டல். மே மாசம் புது ஆல்பம் வந்துச்சு, 'நூ டெல்லி'ன்னு. அமெரிக்காவுல டூர் போனாங்க. கிட்டாரோட டோலும் அடிப்பாங்க. நம்ம ஊர் கொட்டு மாதிரியே இருக்கும்" என்று ஒரு வயரை என் காதில் மாட்டிவிட்டார். ஒரு நிமிடம் கேட்டேன். கீழே வைத்துவிட்டு, "நாங்க இதை 1985-லேயே இந்த ஹாஸ்டல்ல கேட்டோம் தம்பி" என்றேன். அவர் நம்பவில்லை. சாம்பார் வாளி வந்ததும் பேச்சு மாறிவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் அறையில் மூன்று பேர். அதில் ஒருவன் சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் இடையில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது. அவன் அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர், அப்பா பயர் ஆபீஸ். (வெளியூர் நண்பர்களுக்கு: எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பயர் ஆபீஸ்தான்.) ஒன்பது வயதில், ஆபீசில் அல்ல, ஒரு வீட்டுத் திண்ணையில் திரி வெட்டிக் கொண்டிருந்தபோது மருந்து பற்றிக்கொண்டது. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் ஒட்டிக்கொண்டு விட்டன. சாப்பிடுவது, எழுதுவது எல்லாம் வலது கை என்பதால் எங்களுக்கு அது பெரிதாகத் தெரிந்ததே இல்லை.

அந்தக் காலத்தில் மதுரையில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடைகள் இருந்தன. ஒரு தாளில் பாட்டு வரிசையை எழுதி, காலிக் கேசட்டையும் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு வாரத்தில் தயாராகிவிடும். அவன் இளையராஜா பாட்டு எழுதிக் கொடுத்திருந்தான். ஒரு பக்கம் சரியாக வந்தது. மறுபக்கத்தில் கடைக்காரர் யாருக்கோ பதிய வேண்டியதை இதில் பதிந்துவிட்டார். போட்டதும் ஒரு பெரிய இரைச்சல்! சாத்தூர் ரயில்வே பாலத்தில் கூட்ஸ் போகிற மாதிரி. வார்டன் ஓடி வந்தார். பிறகு விசாரித்ததில் அது பிளாக் சாபத் என்ற குழுவின் 'பாரனாய்டு' என்று தெரிந்தது. 1970-ல் வந்த இசைத்தட்டு. பதினைந்து வருடம் கழித்து, தவறுதலாக, எங்கள் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அவனுக்கு அது பிடித்துப் போனது. நுண்கலை மன்றத்து பீரோவில் இரண்டு கம்பி அறுந்த ஒரு கிட்டார் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி வந்து ராத்திரி ராத்திரியாகத் தடவிக் கொண்டிருந்தான். கிட்டாரில் வலது கை தட்டும், இடது கைதான் கம்பியை அழுத்திச் சுரம் பிடிக்கும். ஒட்டிப்போன விரல் கம்பியில் நிற்காது, வழுக்கும். பரீட்சை நேரம். எரிச்சலில் நான் சொன்னேன்: "இந்தக் கையை வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்குடா இது?" அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கிட்டாரைக் கொண்டுபோய் பீரோவில் வைத்துவிட்டான்.

இனி வரலாறு.

இங்கிலாந்தின் பர்மிங்காம், இரும்புப் பட்டறைகளும் உலோகத் தொழிற்சாலைகளும் நிறைந்த நகரம். அதில் ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதி. 1965-ல் அங்கே டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். இசைக்குழுவோடு வெளிநாடு போக வாய்ப்பு வந்ததால் வேலையை விட்டுவிட முடிவு செய்திருந்தான். கடைசி நாள் அது. பழக்கமில்லாத ஓர் அழுத்த இயந்திரத்தில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போய்விட்டன. அவன் இடதுகைக்காரன், ஆகவே சுரம் பிடிக்கிற கையே வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

தொழிற்சாலை மேற்பார்வையாளர் அவனைப் பார்க்க வந்தார். கையில் ஓர் இசைத்தட்டு. வாசிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, வாசிப்பவர் இரண்டு விரலால்தான் வாசிக்கிறார் என்றார். அவர்தான் ஜாங்கோ ரைன்ஹார்ட், நாடோடி இனத்தைச் சேர்ந்த மாபெரும் ஜாஸ் கிட்டார் கலைஞர். 1928-ல் பாரிஸ் அருகே அவர் குடும்பம் குடியிருந்த வண்டி தீப்பிடித்தது. அவர் மனைவி விற்பதற்காக செல்லுலாய்டில் செயற்கைப் பூக்கள் செய்து அடுக்கி வைத்திருந்தார். மெழுகுவர்த்தித் தீ அதில் பட்டுவிட்டது. வீட்டிலேயே வேலை, வீட்டிலேயே சரக்கு, வீட்டிலேயே நெருப்பு. நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜாங்கோவின் இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் பயனற்றுப் போயின. மிச்சமிருந்த விரல்களை வைத்துப் புதிய வாசிப்பு முறையே கண்டுபிடித்தார்.

அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டான். கம்பியில் வழுக்காமல் இருக்க அதன் மேல் பழைய தோல் சட்டையிலிருந்து துண்டு வெட்டி ஒட்டினான். விரலுக்கு வலிக்காமல் இருக்க மெல்லிய கம்பிகளைப் போட்டுக்கொண்டான். பிற்பாடு 1971-ல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியையே இறக்கினார். தளர்ந்த கம்பியை அழுத்துவது எளிது. ஆனால் ஒலி கனத்து, தாழ்ந்து, மிரட்டுகிற மாதிரி வந்தது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான குழுக்கள் இன்று விரல் எல்லாம் நன்றாக இருந்தும் சுருதியை இறக்கித்தான் வாசிக்கின்றன. கன உலோகம் என்றால் வேதியியல் மாணவனான எனக்குக் காரீயமும் பாதரசமும்தான் ஞாபகம் வரும். இந்தக் கன உலோகத்தின் கனம் ஒரு தொழிற்சாலை விபத்திலிருந்து வந்தது.

மற்ற மூவரும் ஆஸ்டன் பையன்கள்தான். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். கார் ஹாரன் தயாரிக்கும் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஹாரன் சத்தத்தைச் சரிபார்க்கிற வேலையும் செய்தார். காது அங்கேயே பழகியிருக்கும்! 1969 அக்டோபரில் ஒரே நாளில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். 1970 பிப்ரவரி 13 வெள்ளிக்கிழமை அது வெளிவந்தது.

இந்த உலகத்தில் ஆல்பமும் டூரும் இரட்டை மாடு. ஆல்பம் வந்தால் டூர் கிளம்ப வேண்டும், டூர் போனால்தான் ஆல்பம் விற்கும். நம் ஊருக்கு இது புதிதல்ல. சிவகாசியில் 1886-ல் பிறந்த தியாகி விசுவநாததாஸ் ஊர் ஊராகப் போய் நாடக மேடையில் தேசபக்திப் பாட்டுப் பாடியவர். பாட்டுக்காகவே பலமுறை சிறை சென்றவர். 1940-ல் சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் விட்டார். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு. அவரைப் பற்றி இந்த மலரில் தனிக் கட்டுரை வர வேண்டும். இளைய தலைமுறை யாராவது எழுதுங்கள்.

சத்தத்துக்கு வருவோம். 1972-ல் லண்டன் ரெயின்போ அரங்கில் டீப் பர்ப்பிள் குழு 117 டெசிபல் சத்தம் போட்டதற்காக, உலகிலேயே உரத்த குழு என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. நம் சிவகாசி வெடிக்கு 1999-ல் மத்திய அரசு வைத்த வரம்பு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல். இரண்டும் அளக்கிற முறை வேறு, தூரம் வேறு, நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் கின்னஸ்காரர்களை ஒரு தீபாவளிக்குச் சிவகாசிக்குக் கூட்டி வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

வெறும் சத்தம் போதாதென்று 1970-களிலிருந்தே இந்தக் குழுக்கள் மேடையில் வாணவேடிக்கையும் காட்டத் தொடங்கின. இங்கேதான் கதை நேராக நம் தொழிலுக்கு வருகிறது. 1992 ஆகஸ்டு 8, கனடாவின் மான்ட்ரியல் நகரம். மெட்டாலிகா குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு பாடிக்கொண்டே மேடையின் ஓரத்துக்கு நகர்ந்தார். புதிய தீ அமைப்பு ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. அது பழையதற்குப் பதிலாக வந்தது என்று அவர் நினைத்தார். பழையதும் அங்கேயேதான் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் எழுந்த நெருப்பில் நின்றார். இடது கை பயங்கரமாக வெந்துபோனது. பதினேழு நாளில் டூர் மறுபடி தொடங்கியது. அவர் கட்டுப் போட்ட கையோடு பாட்டு மட்டும் பாடினார். கிட்டாரை வேறொருவர் வாசித்தார்.

காரணத்தைப் பாருங்கள். மருந்தில் குற்றமில்லை, கருவியில் குற்றமில்லை. ஒருவர் சொன்னது இன்னொருவருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. நம் பக்கத்தில் விபத்து நடந்தால் மறுநாள் பத்திரிகையில் 'உராய்வு காரணமாக' என்று ஒரே வார்த்தை வரும். எதனால் உராய்ந்தது, ஓர் அறைக்குள் எத்தனை பேர் இருந்தார்கள், அவசரம் யாருக்கு என்பதெல்லாம் அந்த வார்த்தைக்கு அடியில் போய்விடும்.

அடுத்தது அதைவிடக் கொடியது. 2003 பிப்ரவரி 20, அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலத்தில் ஒரு சிறிய கேளிக்கை விடுதி. கிரேட் ஒயிட் என்ற குழு டூரில் அங்கே வந்திருந்தது. முதல் பாட்டிலேயே குழுவின் டூர் மேலாளர், நம் புஸ்வாணம் மாதிரிப் பொறி சொரியும் குழல்களைக் கொளுத்தினார். சுவரில் சத்தம் அடக்குவதற்காக ஒட்டியிருந்த பஞ்சு மெத்தைப் பொருளில் தீப்பிடித்தது. சில நிமிடங்களில் கூரை முழுக்க நெருப்பு. எல்லோரும் வந்த வழியாகவே ஓடியதால் வாசலில் நெரிசல். 100 பேர் இறந்தார்கள். குழுவின் கிட்டார் கலைஞரும் அதில் ஒருவர். அந்த மேலாளர் 2006-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அதற்கு முன் இறந்தவர்கள் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் தன் கைப்படக் கடிதம் எழுதினார்.

நம்மிடமும் தேதிகள் இருக்கின்றன. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: சுமார் 40 பேர். அதில் பலர் முதல் வெடியைக் கேட்டு உதவப் போனவர்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம்: இருபதுக்கும் மேற்பட்டோர். நடுவிலும் பிறகும் எத்தனையோ. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, 1923-ல் சிவகாசியில் தொடங்கினார்கள். 1940-க்குப் பிறகு பட்டாசுத் தொழில் அதன் மேல் வளர்ந்தது. வானம் பொய்த்த கரிசல் பூமிக்கு இந்தத் தொழில் சோறு போட்டது, நம் கல்லூரிக் கட்டணத்தையும் கட்டியது. அதை மறந்து பேச நான் தயாராக இல்லை. குழந்தைகளை ஆபத்தான வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று, சிவகாசி வழக்கில், 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என் நண்பனின் விரலுக்கு அது இருபது வருடம் பிந்தி வந்த தீர்ப்பு.

இந்தியாவுக்கு இந்தக் குழுக்கள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007 மார்ச் 17-ல் அயர்ன் மெய்டன் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தது. அடுத்த ஆண்டு மும்பையில் தொடங்கிய டூருக்கு அந்தக் குழுவின் பாடகரே விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்தார்! 2009-ல் ஸ்வீடனின் ஓபெத், சென்னை ஐ.ஐ.டி. மாணவர்களின் சாரங் விழாவுக்கு வந்தது. 2011 அக்டோபரில் மெட்டாலிகா. டெல்லி பக்கம் நடக்க வேண்டியது குழப்பத்தில் நின்றுபோனது. பெங்களூரில் நடந்தது. வெந்துபோன அந்தக் கை பெங்களூரில் கிட்டார் வாசித்தது. நம் மாவட்டத்திலிருந்து யாராவது போயிருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

ஆனால் நம்மவர்கள் அதற்கு வெகுநாள் முன்பே மேடை ஏறிவிட்டார்கள், சிங்கப்பூரில். 1992-ல், ஹெட்ஃபீல்டு நெருப்பில் நின்ற அதே ஆண்டு, தென்னிந்திய வம்சாவளி இளைஞர்கள் சேர்ந்து 'ருத்ரா' என்ற குழுவைத் தொடங்கினார்கள். பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞருமான கதிர், டிரம்ஸ் வாசிக்கும் சிவா ஆகியோர் ஆரம்பத்திலிருந்தே இருப்பவர்கள். நடுவில் ஒருமுறை கலைந்து மறுபடி சேர்ந்தார்கள். 1998-ல் முதல் ஆல்பம். மேல்நாட்டுக் குழுக்கள் சாத்தானைப் பாடியபோது இவர்கள் உபநிடதத்தையும் கீதையையும் பாடினார்கள். 'பிரம்மவித்யா' என்ற தலைப்பில் 2005, 2009, 2011 என்று மூன்று ஆல்பங்கள் ஒரே வரிசையாக வந்தன. 2022-ல் 'எய்ட் மகாவித்யாஸ்'. தாங்கள் செய்வதற்கு 'வேத மெட்டல்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சிங்கப்பூர்ப் பேராசிரியர் யூஜின் தைரியநாதன் 2009-ல் இவர்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். நாட்டின் சிறுபான்மைக்குள் சிறுபான்மையான இளைஞர்கள், பெற்றோருக்கும் புரியாத, கோயிலுக்கும் பொருந்தாத ஓர் இசையில் தங்கள் அடையாளத்தைத் தேடிய கதை அது.

எனக்கு ஒரு குறை உண்டு. பாட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் இருக்கின்றன. தமிழில் உறுமுவதற்கு என்ன குறைச்சல்? நம் கொடை விழாக்களில் உறுமி மேளம் அடிக்கிற அடிக்கும் சாமியாடி போடுகிற சத்தத்துக்கும் இந்த இசை அந்நியம் இல்லை. பந்தியில் அந்தத் தம்பி சொன்னது சரிதான். டெல்லிக்காரர்கள் டோலைக் கையில் எடுத்து உலகம் சுற்றுகிறார்கள்.

2025 ஜூலை 5 அன்று பிளாக் சாபத் தன் கடைசி நிகழ்ச்சியை நடத்தியது. லண்டனிலோ நியூயார்க்கிலோ அல்ல, அவர்கள் வளர்ந்த அதே ஆஸ்டனில், வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில். நான்கு பேரும் 2005-க்குப் பிறகு அன்றுதான் ஒன்றாக மேடை ஏறினார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸி, ஒரு சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். வசூல் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனைக்கும் மற்ற அறக்கொடைகளுக்கும் போனது. பதினேழு நாள் கழித்து, ஜூலை 22-ல், 76 வயதில் அவர் இறந்தார்.

அன்று இரவு என் மகள் போனில் அந்தச் செய்தியைக் காட்டினாள். கீழே அயோமியின் விரல் கதையும் இருந்தது. எனக்கு அதுவரை தெரியாது. பீரோவில் கிட்டாரை வைத்துவிட்டு வந்த அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. அவன் இப்போது சிவகாசியில் பைண்டிங் வேலை எடுத்துச் செய்கிறான். மறுநாள் காலையில் போன் போட்டேன். முழுக்கதையையும் சொன்னேன். ஹாஸ்டலில் நான் சொன்ன வார்த்தையையும் ஞாபகப்படுத்தி, தப்பு என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் காகிதம் வெட்டுகிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அவருக்கு எந்தக் கை?" என்றான்.

"வலது. ஆனா இடதுகைக்காரர். சுரம் புடிக்கிற கை."

"அப்ப எனக்குப் போன அதே கைதான். தொப்பிக்கு என்ன போட்டாருன்ன?"

"பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, மேல தோல்."

"தோல் துண்டு இங்க கிடக்குது மாப்ள. பைண்டிங்குக்கு வாங்குனது" என்றான். பிறகு, "அந்தக் கேசட்டு எங்கிட்டதான் இருக்கு, ஓட்ட டேப்புதான் இல்ல" என்றான்.

டேப் ரிக்கார்டர் வைத்திருக்கிற நண்பர்கள் யாராவது இருந்தால், இந்தச் சந்திப்புக்கு வரும்போது கொண்டு வாருங்கள். அவன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.